தாம்பரம் பக்கம் வாடகை வீடு: வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்னைக்குத் தெற்கே மின்ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களும் குடியேற நினைப்பவர்களும் வாடகை வீடு குறித்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயின. பெயர் மாநகராட்சி ஆனாலும், காலையில் வண்டியேறி வடக்கே போய் இரவில் திரும்புகிறவர்களின் ஊராகத்தான் அது இன்னும் இருக்கிறது. கேள்வி கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்குக் கிண்டியில் வேலை, என் மனைவிக்கு மகேந்திரா சிட்டியில். தாம்பரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 16,000 ரூபாய் வாடகை சொல்கிறார்கள். கூடுவாஞ்சேரியில் அதே அளவு வீடு 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாதம் 4,000 ரூபாய் மிச்சமாகும் என்பதால் கூடுவாஞ்சேரிக்கே போய்விடலாமா? (மதுரையிலிருந்து மாற்றலாகி வரும் வாசகர்)

பதில்: அந்த 4,000 ரூபாய் முழுதாக உங்கள் கையில் நிற்குமா என்று முதலில் பார்த்துவிடுவோம். தரகர் 'ஸ்டேஷனுக்குப் பக்கம்' என்று சொல்லும் வீடு, கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, புதிதாக மனை பிரித்த நகர் ஒன்றில் இருக்கக்கூடும். அவர் சொல்லும் 'ஐந்து நிமிடம்' என்பது அவருடைய பைக்குக்கு ஆகும் நேரம். மழை நாளில் குடையோடு நடக்கும் உங்களுக்கு ஆகும் நேரம் அல்ல. ஷேர் ஆட்டோவுக்கு ஒருவருக்கு ஒரு தடவை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருவர் போக வர, மாதம் 25 நாளுக்கு 2,000 ரூபாய் ஆகிவிடுகிறது; மிச்சத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ எளிதில் கிடைக்காத தெருவாக இருந்தால் இருசக்கர வாகனம் வாங்க வேண்டிவரும். அதை நிலையத்தில் நிறுத்தும் கட்டணமும் சேரும்.

அடுத்தது ரயில். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் அளவுக்கு வண்டிகள் தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை ஓடுவதில்லை. தாம்பரத்தில் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது சற்று நேரத்தில் வந்துவிடும். கூடுவாஞ்சேரியில் விட்டால் அன்றைய கணக்கே குலைந்துவிடும். மேலும், தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகள் பல இருப்பதால் அங்கே ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவரோ, செங்கல்பட்டிலும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் மறைமலை நகரிலும் நிரம்பி வரும் பெட்டியில் கிண்டி வரை நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

உங்கள் மனைவியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. மகேந்திரா சிட்டிக்கு இறங்க வேண்டிய இடம் பரனூர். அவர் காலையில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், தெற்கே பயணம் செய்வார். பொத்தேரியில் கல்லூரி மாணவர்கள் இறங்கும் வரை நெரிசல் இருந்தாலும் அதன் பிறகு வண்டி காலியாகிவிடும். அவருக்குக் கூடுவாஞ்சேரிதான் அருகில். ஆகவே எந்த ஊர் மலிவு என்பதைவிட, இருவரில் யாருக்கு நேரங்கெட்ட நேரத்தில் வேலை முடிகிறது என்பதே முக்கியம். அவருக்கு இரவு ஷிப்ட் உண்டென்றால் வீடு அவர் பக்கம் இருக்கட்டும். இருவரும் ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுவிடுபவர்கள் என்றால் நான் இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கும் பெருங்களத்தூரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, மதுரையிலிருந்து உங்கள் பெற்றோர் பேருந்தில் வந்தால் அங்கேதான் வந்து இறங்குவார்கள் என்பது இந்தப் பக்கத்துக்கு ஒரு கூடுதல் வசதி. அதையே காரணம் காட்டி வண்டலூரிலும் ஊரப்பாக்கத்திலும் வாடகையைக் கூட்டிச் சொல்கிறார்கள். வருடத்துக்கு நான்கு முறை ஊருக்குப் போகிறவர், அந்த வசதிக்காக மாதந்தோறும் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டுமா என்று யோசிக்கலாம்.

எந்த வீடாக இருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு வேலைநாளின் காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடைமேடை வரை போய்ப் பாருங்கள். தண்டவாளமும் சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையும் ஊரைக் கிழக்கு மேற்காகப் பிளந்து கிடப்பதால், வரைபடத்தில் அரைக் கிலோமீட்டராகத் தெரியும் தூரம், மேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ சுற்றிப் போகும்போது இரண்டு மடங்காகிவிடுவது உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

கேள்வி: முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் விசாலமான வீடு ஒன்று மற்ற இடங்களைவிடக் குறைந்த வாடகைக்கு வருகிறது. வெள்ளப் பகுதி என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியை இப்போது கவனமாகத் திறப்பதால் இனி ஆபத்து இல்லை என்கிறார் உரிமையாளர். நம்பலாமா? (மேற்கு மாம்பலம்)

பதில்: உரிமையாளர் சொல்லும் காரணம் அந்த ஊருக்குப் பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வரும் நீர் இறங்கும் வழியில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசினாலும், முடிச்சூரை மூழ்கடித்தது இந்த மேல்பக்கத்துத் தண்ணீர். 2021 நவம்பரிலும் அங்கே தெருக்களில் தண்ணீர் நின்றது. அதன் பிறகு வடிகால் பணிகள் நடந்திருக்கின்றன. பல தெருக்கள் முன்னைவிட மேலாகியிருக்கலாம். ஆனால் நீங்கள் குடியேறப்போவது ஒரே ஒரு தெருவில், அதிலும் ஒரே ஒரு வீட்டில். அந்த வீட்டைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்கும்போது 'இங்கே தண்ணீர் வருமா?' என்று கேட்காதீர்கள். 'வராது' என்பதுதான் பதிலாக இருக்கும். '2015இல் எத்தனை படி ஏறியது?' என்று கேளுங்கள். இதைத் தரகரிடம் கேட்பதைவிடத் தெருமுனையில் துணி தேய்ப்பவரிடமும் பால் கடையிலும் கேட்பது நல்லது. அவர்கள் இடுப்பைக் காட்டுவார்கள், அல்லது முழங்காலைக் காட்டுவார்கள். வீட்டுக்குள்ளே இடுப்பளவுக்கு மட்டும் சுவரின் பூச்சு வேறு நிறமாக இருக்கிறதா, மரக்கதவுகளின் அடிப்பாகம் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறதா, மின்மீட்டர்ப் பெட்டியும் மோட்டாரும் எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பட்டபின் மீட்டரை உயர்த்தி வைத்த வீடு, சொல்லாமலே தன் கதையைச் சொல்லிவிடும். சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால், தெருத் தண்ணீர் உள்ளே வராவிட்டாலும் சாக்கடை சம்ப்பில் இறங்கிக் குடிநீரைக் கெடுத்துவிடும்.

முதல் தளம் கிடைத்தால் அந்த ஊரில் நான் தயங்க மாட்டேன். தரைத்தளம்தான் என்றால், மழைநீர் வீட்டுக்குள் புகுந்தால் முன்னறிவிப்புக் காலம் இன்றி வீட்டைக் காலி செய்யலாம், முன்பணம் பிடித்தமின்றித் திரும்பக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லும் உரிமையாளருக்கு அந்த வரியை எழுதுவதில் நட்டம் ஒன்றும் இல்லை. எழுத மறுத்தால், வாடகை ஏன் குறைவு என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

கேள்வி: நான்கு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறேன். வாடகை 14,000, முன்பணம் 1,00,000. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, பழைய குழாய் மாற்ற 6,000, 'மற்றவை' என்று 5,000 பிடித்துக்கொண்டு, மீதியையும் அடுத்த குடித்தனக்காரர் வந்தபின்தான் தருவேன் என்கிறார் உரிமையாளர். சட்டம் என்ன சொல்கிறது? (சிட்லபாக்கம்)

பதில்: 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் நடைமுறையில் இருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் பொது விதி. உங்கள் வாடகைக்கு அது 42,000 ரூபாய். ஆனால் அந்த விதியின் தொடக்கத்திலேயே, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர என்ற விலக்கும் இருக்கிறது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்கும் பழக்கம் இன்னும் தொடர்வதற்கு அந்த விலக்கும் ஒரு காரணம். நீங்கள் ஒப்புக்கொண்டு கொடுத்த தொகையின் அளவைப் பற்றி இப்போது வாதிட்டுப் பயன் குறைவு.

திருப்பித் தருவதில் உங்கள் பக்கம் வலுவானது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். அடுத்த குடித்தனக்காரர் எப்போது வருவார் என்பது உரிமையாளரின் கவலை. உங்கள் பணத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

பிடித்தங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்கம்பிகளை மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர், கழிவறைக் கோப்பை, தாழ்ப்பாள், உடைந்த சன்னல் கண்ணாடி, கொசுவலை, அடைத்துக்கொண்ட சாக்கடை போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவரின் பொறுப்பு. நான்கு ஆண்டில் மங்கிய வண்ணமும் நாள்பட்டுத் துருப்பிடித்த குழாயும் நீங்கள் செய்த சேதம் அல்ல. சுவரில் நீங்கள் துளையிட்ட இடங்களும் குழந்தைகள் கிறுக்கிய இடங்களும் இருந்தால் அவற்றைச் சரிசெய்யும் செலவை ஒப்புக்கொள்வதே நியாயம். 'மற்றவை' என்பதற்குக் கணக்கு கேளுங்கள்; கணக்கில்லாத தொகையை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரலாம். 'காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் உரிமையாளர் நீட்டுவார். ஜெராக்ஸ் கடையில் விற்கும் ஆயத்த ஒப்பந்தப் படிவங்களில் இந்த வரி அச்சாகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்பணம் கைமாறும் வரைதான் குடிவருகிறவர் சொல்லுக்கு எடை உண்டு. அடித்து எழுத வேண்டிய வரிகளை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

பேசித் தீராவிட்டால், மாவட்ட ஆட்சியர் நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். சிட்லபாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால் அங்கே உள்ளவரிடம்தான் மனு தர வேண்டும். ஒப்பந்தம் அவரிடம் பதிவாகியிருந்தால் உங்கள் வேலை எளிது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று பலர் நம்புவது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைச் சார்பதிவாளரிடம் பதியச் சொல்லும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை மனத்தில் வைத்து. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை; எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. அடுத்த வீட்டுக்குப் போகும்போது அதைச் செய்துகொள்ளுங்கள். அந்த வீடு ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், இந்தச் சட்டம் அங்கே பொருந்துமா என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு உரிமையாளர் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். அரசு தரும் 100 யூனிட் இலவசம் எங்களுக்கு இல்லையா? (குரோம்பேட்டை)

பதில்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு மின் இணைப்புக்கு உரியது. உங்கள் வீட்டுக்கு மின்வாரியத்தின் தனி இணைப்பு எண் இருந்தால், அந்த எண்ணுக்கு வரும் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே இணையத்தில் செலுத்திவிடலாம். இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் சிறு குடும்பத்துக்கு மின்வாரியக் கணக்கில் வருவது சில நூறு ரூபாய். உரிமையாளரின் கணக்கில் அதுவே 1,800 ரூபாய். இலவச யூனிட்டின் பயன் யாருக்குப் போகிறது என்பது இதிலேயே தெரியும்.

ஒரே இணைப்பை மூன்று நான்கு வீடுகளுக்குப் பிரித்து சப் மீட்டர் வைத்திருந்தால் கதை வேறு. எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகக் கூடுவதால் மொத்தம் மேல்படிக் கட்டணத்துக்குப் போய்விடும். அப்போது உரிமையாளருக்கே உண்மையில் கூடுதலாகத்தான் ஆகும். அப்படியானால் மொத்தக் கட்டண ரசீதைக் காட்டி, யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். வீடு பார்க்கப் போகும்போதே மீட்டர்ப் பெட்டியைத் திறந்து, வீடுகளின் எண்ணிக்கையும் மின்வாரிய மீட்டர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. மோட்டாரும் மாடிப்படி விளக்கும் யாருடைய மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் கேளுங்கள். உங்களுடையதில் ஓடினால் நான்கு வீட்டுத் தண்ணீருக்கு நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்பதை மே மாதத்தில் பேசினால் சண்டைதான் வரும். குடிவரும்போதே பேசி எழுதிவிட வேண்டும். அடுக்ககமாக இருந்தால், மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் குடியிருப்பவருக்கு, லிப்ட் மாற்றுவது, கட்டடம் முழுக்க வண்ணம் பூசுவது போன்ற பெருஞ்செலவுக்கான வசூல் உரிமையாளருக்கு என்று பிரித்து எழுதிக்கொள்வதே முறை. சங்கக் கூட்டத்தில் வாக்கு இல்லாதவர் கட்டடத்துக்கு முதலீடு போட வேண்டியதில்லை.

கேள்வி: நான் தனியாக வசிக்கும் பெண். உரிமையாளர் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நான் அலுவலகம் போன நேரத்தில் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். 'என் வீடுதானே அம்மா' என்கிறார். (சேலையூர்)

பதில்: வாடகைக்கு விட்டபின், உள்ளே வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது மேலே சொன்ன சட்டம். அதை ஒரு வாட்ஸாப் செய்தியாக மரியாதையோடு அனுப்பிவையுங்கள். செய்தி பதிவாக இருக்கும். பூட்டை மாற்றிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள், பூட்டு மாற்றும் வேலை எப்படியும் குடியிருப்பவருடையதுதான். காலி செய்யும் நாளில் பழைய பூட்டையே பொருத்திக் கொடுத்துவிடலாம். இதற்குக் கோபித்துக்கொண்டு தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், அதுவே வாடகை அதிகாரியிடம் புகார் செய்வதற்குரிய குற்றம்.

கேள்வி: ஒன்பது லட்சம் ரூபாய் கொடுத்தால் மூன்று ஆண்டு வாடகையே இல்லாமல் இருக்கலாம், முடிவில் முழுப் பணமும் திரும்பும் என்று 'லீஸ்' வீடு ஒன்று வந்திருக்கிறது. அதே வீட்டுக்கு வாடகை என்றால் 14,000. ஊரில் நிலம் விற்ற பணம் கையில் இருக்கிறது. போடலாமா? (பம்மல்)

பதில்: கணக்கை உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இனிப்பாகத்தான் இருக்கிறது. ஒன்பது லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 5,250 ரூபாய் வரும். இங்கேயோ 14,000 ரூபாய் வாடகை மிச்சம். இதே கணக்கை உரிமையாளரின் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து ஒன்பது லட்சம் வாங்குகிறவர், நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய்க்கும் மேலான வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சொந்த வீடு உள்ளவருக்கு அதை அடமானம் வைத்து இதைவிட மிகக் குறைந்த வட்டிக்கு வங்கியில் கடன் கிடைக்குமே; அதை விட்டுவிட்டு உங்களிடம் ஏன் வருகிறார்? மகள் திருமணம், வைத்தியச் செலவு என்று நேர்மையான அவசரமும் இருக்கலாம். ஆனால் வீடு ஏற்கெனவே வங்கியில் இருப்பதாலும், தவணை பாக்கி விழுந்திருப்பதாலும் வங்கி இனிக் கொடுக்காது என்ற நிலையும் இருக்கலாம். உங்கள் ஒன்பது லட்சம் எந்தக் கதையில் போய் விழப்போகிறது என்பது தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

'லீஸ்' என்று சொன்னாலும் நம் ஊரில் இதற்குப் பழைய பெயர் போக்கியம், ஒத்தி. கடனுக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது சொத்து மாற்றுச் சட்டத்தின்படி ஒருவகை அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு அது பதிவு செய்த பத்திரமாக இருந்தால்தான் செல்லும். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, சாதாரண முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிகளோடு எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் காகிதம் நீங்கள் பணம் கொடுத்ததற்குச் சாட்சியாகலாம். வீட்டின் மீது உங்களுக்கு உரிமை தராது. உங்களுக்கு முன்பே வீட்டை அடமானமாக எடுத்த வங்கி, 2002ஆம் ஆண்டின் சர்பேசி சட்டப்படி அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து வீட்டைக் கையகப்படுத்த வந்தால், அந்தக் காகிதத்தைக் காட்டி அவர்களை வாசலில் நிறுத்த முடியாது. வீடும் போய்ப் பணமும் போய், சிவில் வழக்கு ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

போடத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை எடுத்து, அடமானம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்திவிடாமல் மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள்; நகல் வேண்டாம். 'பத்திரம் லாக்கரில் இருக்கிறது', 'அண்ணன் வீட்டில் இருக்கிறது' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அசலைக் காட்டினால், போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பதிவுக்கு உரிமையாளர் மறுத்தால் 14,000 ரூபாய் வாடகையே மலிவு. நிலம் விற்ற பணம் இன்னொரு முறை வராது.

கேள்வி: நான் கேட்பது உரிமையாளர் பக்கத்துக் கேள்வி. மாடி வீட்டில் ஒரு குடும்பம் பதினோராவது ஆண்டாகக் குடியிருக்கிறது. நல்லவர்கள்தான்; வாடகையும் ஒழுங்காக வருகிறது. பன்னிரண்டு ஆண்டு ஆகிவிட்டால் வீடு அவர்களுக்குச் சொந்தமாகிவிடும், உடனே காலி செய்யச் சொல் என்கிறார் என் தம்பி. (ராஜகீழ்ப்பாக்கம்)

பதில்: உங்கள் தம்பி அரைகுறையாகக் கேட்ட விஷயம் அது. பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு, உரிமையாளரின் அனுமதியே இல்லாமல், அவருக்கு எதிராகவே ஒருவர் இடத்தைத் தன்வசம் வைத்திருக்கும் நிலைக்கானது. உங்கள் அனுமதியோடு வந்து, மாதந்தோறும் வாடகை கொடுத்து, ஒவ்வொரு மாதமும் உங்களை உரிமையாளர் என்று ஒப்புக்கொள்கிறவருக்கு அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. வாடகையை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். பதினோரு ஆண்டாக ஒழுங்காக வாடகை தரும் குடும்பம் கிடைப்பது அரிது. இந்தப் பயத்துக்காக அவர்களை அனுப்பிவிட்டால், அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு உங்கள் தம்பி உத்தரவாதம் தருவாரா?

கேள்வி: ஆடி மாதத்தில் வீடு பார்த்தால் வாடகையைக் குறைத்துப் பேசலாம் என்கிறார்கள். உண்மையா? ஆடியில் குடிபோக என் மாமியார் சம்மதிக்க மாட்டார். (கீழ்க்கட்டளை)

பதில்: உண்மைதான். பள்ளி திறக்கும் காலத்தில், மே, ஜூன் மாதங்களில், ஒரு வீட்டுக்கு நான்கு பேர் போட்டி போடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் 'டூ லெட்' பலகை வாரக்கணக்கில் தொங்கும். ஆனி கடைசிக்குள் ஆள் கிடைக்காத உரிமையாளருக்கு ஆடி முழுக்க வாடகை போச்சு என்ற கவலை வந்துவிடும். மாமியாரின் பேச்சையும் மீற வேண்டாம். ஆடியில் வீட்டைப் பேசி முடித்து, ஒரு சிறு தொகையை மட்டும் டோக்கனாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்கள். வாடகை பால் காய்ச்சும் நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதை டோக்கன் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் ஆடி வாடகையையும் சேர்த்துக் கேட்பார்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பதாக இருந்தால் அதையும் சாவி கைக்கு வந்தபின் கொடுத்தால் போதும். சாவி வாங்கிய அன்று, சாமான்கள் ஏறும் முன், காலி வீட்டின் ஒவ்வொரு சுவரையும் குழாயையும் மின்மீட்டரின் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவிடுங்கள். சிட்லபாக்கம் வாசகரிடம் அப்படிப் படங்கள் இருந்திருந்தால், எது பழைய துரு, எது புதிய சேதம் என்ற பேச்சு அதிக நேரம் நீடித்திருக்காது.